வறுத்த மணல்

மஞ்சக்குட்டை எஸ்டேட்டிலிருந்து இன்று காலை மரம் அறுக்கும் பழைய மெஷின் ஒன்று வந்தது. அடிப்பாகத்தில் விரிசல். அந்த இடத்தைச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விட்டேன், புசுபுசுவென்று நுரைத்தது. அலுமினியம் என்றால் சும்மா கிடக்கும். இது மக்னீசியம். வினிகர் வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. வேலையை ஓரம் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஏற்காடு ஒண்டிக்கடையில் நாம் கூட்டாகப் பட்டறை போட்ட நாளிலிருந்து, உனக்கு இருந்த ஒரே பயம் சாணைக்கல்லுக்கு அடியில் சேரும் தூள்தான். மக்னீசியத்தைத் தீட்டிய தூளில் இரும்புப் பொறி ஒன்று விழுந்தால் போதும், கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளிச்சத்தோடு பற்றிக்கொள்ளும். "தண்ணி மட்டும் ஊத்திறாத மாப்ள. காத்துல இருக்கற ஆக்சிஜன் பத்தாம தண்ணிக்குள்ள இருக்கறதயும் புடுங்கி எரியும்" என்பாய். காய்ந்த மணலைக் கொட்டிக் காற்றுப் புகாமல் மூட வேண்டும். ஆனால் ஏற்காட்டுப் பனியில் எந்த மணல் காய்ந்திருக்கிறது? அதனால் வாரம் தவறாமல் சனிக்கிழமை இரும்புச் சட்டியில் மணலை வறுத்து, ஆறவைத்து, டின்னில் மூடி வைப்பாய். நான் கிண்டல் செய்வேன். நீ கண்டுகொள்ள மாட்டாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளைகள் வறுகடலை கேட்டார்கள். வறுப்பதற்கு உன் டின் மணலை வீட்டுக்கு அள்ளிப் போனேன். மறுநாள் அதைக் கொண்டுவர மறந்துவிட்டேன். உனக்குத் தெரிய வேண்டாம் என்று பட்டறை வாசலில் குவிந்திருந்த மணலை அள்ளி டின்னை நிரப்பினேன். இரவெல்லாம் பனியில் நனைந்த மணல் அது. மணல் மணல்தானே என்று நினைத்த முட்டாள் நான்.

அன்று மதியமே தூள் பற்றியது. நீ பதறவில்லை. டின்னைத் திறந்து அப்படியே கொட்டினாய். அணைய வேண்டிய நெருப்பு வெடித்துக் கிளம்பி உன் முகத்தில் அடித்தது. வலது கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் விசாரித்தவர்களிடமெல்லாம், "இந்த வாரம் மணலு வறுக்க மறந்துட்டனுங்க" என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. பிறகு வருஷக்கணக்காக ஒரே டம்ளர் டீயைப் பாதியாக ஊற்றிக் குடித்தோம், அப்போதும் திறக்கவில்லை. நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய்.

போன வாரம் வாழவந்திக்குப் போய் உன் வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன். அவள் அதிரவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அவருக்குத் தெரியுங்கண்ணா. ஆஸ்பத்திரில இருந்து ஊட்டுக்கு வந்த அன்னிக்கே சொல்லிட்டாருங்க. 'சனிக்கெழம நான் வறுத்தது எனக்கு மறக்குமா? அவந்தான் எடுத்துருக்கோணும். நீ கேட்டுப்போடாத. கேட்டா அப்பறம் கடைப்பக்கம் தலை காட்டமாட்டான்'னாருங்க."

உன் கண்ணைவிட நான் கடைக்கு வருவது பெரிதாகப் போயிற்றா உனக்கு? ஒரே ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கலாமடா. நீ திட்டாமல் விட்ட அந்தத் திட்டைத்தான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன்.