இடப்பக்கம் விட்ட இடம்

என் பொன்னு பிலோமி,

அங்கே யாரிடம் வம்பளந்துகொண்டிருக்கிறாய்? கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இதைக் கேள். நேற்று பஞ்சாயத்து மண்டபத்தில் கடல்சுவர்க் கூட்டம் நடந்தது. போன வருஷம் என் மானம் போன அதே மண்டபம்தான்.

பாறசாலைச் சந்தையில் இருபது வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்றோம். "சாளை" என்று நான் கூவினால் பஸ்ஸில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். அதனால்தான் போன வருஷம் நம் ஊர் பொழியூரே சேர்ந்து, "இவ பேசட்டு" என்று என்னைப் பிடித்துத் தள்ளியது. உன் வீட்டுக்கு முன்னால் மட்டும் கடல்சுவருக்குக் கல் போடாமல் விட்டிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மைக்கைப் பிடித்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. "எல்லாருக்கும் வணக்கம்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

நீ சிரித்தாய். "விடு பிள்ளே, அடுத்த பிராவசியம் சொன்னா போரும்" என்றாய், அடுத்த தடவை என்று ஒன்று நிச்சயம் இருப்பதுபோல.

ஆடி மாதத்துக் கடல் கல் இல்லாத அந்த இடம் வழியாகத்தான் வந்தது. உன் வீட்டுச் சுவர் விழுந்தபோது நீ உள்ளே இருந்தாய். நான் பேசியிருந்தால் கல் வந்திருக்குமா? வந்திருக்காது என்கிறார் என் வீட்டுக்காரர். அவருக்கு எப்படித் தெரியும்?

சந்தையில் உன் இடத்தில் நான் யாரையும் உட்கார விடவில்லை. நான் விலை சொன்னதும் இடப்பக்கத்திலிருந்து, "பச்சை மீனாக்கும், கொண்டு போ மக்கா" என்று உன் குரல் கேட்கும். திரும்பினால் வெறும் ஈரச் சாக்கு. முதலில் பயந்தேன். பிறகு, கேட்காத நாளில்தான் பயம்.

இந்தத் தடவை, இன்னும் கல் வராத உன் மகள் ஷைனியின் வீட்டுக்காகப் பேச வேண்டியிருந்தது. ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. சீரகம் போட்டுக் காய்ச்சிய வெள்ளம் குடித்தேன், கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தேன், ஜெபமாலை சொன்னேன். ஒன்றும் பலிக்கவில்லை. மைக் முன்னால் போனதும் அதே நாக்கு. "சேச்சி, பறயூ" என்று பேசச் சொன்னார் அதிகாரி. மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது என் காதோரம் நீ சொன்னாய்: "அடுத்த பிராவசியம் சொன்னா போரும்."

என் உயிரே போய்விட்டது பிலோமி. கால் மடங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நின்றுகொண்டு நான் என்றைக்கு வியாபாரம் பேசியிருக்கிறேன்? கால் மடக்கி உட்கார்ந்தால்தானே எனக்குத் தொண்டையே திறக்கும்! உனக்கு இடம் விட்டுக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்துகொண்டேன்.

"சாரே, எனக்கு மைக் வேண்டாம். தரையில இருந்தே சொல்லுதேன், கேளுங்க."

ஷைனியின் அடுக்களைக்கும் கடலுக்கும் எத்தனை அடி என்று சொன்னேன். போன வருஷம் சொல்லாமல் விட்டதையும், அதற்குப் பிறகு உனக்கு நடந்ததையும் சொன்னேன். வெளியே வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டதாம். அடுத்த வாரம் அளக்க வருவதாக அதிகாரி எழுதிக்கொண்டார். "அம்மைக்கும் சேத்து பேசிட்டிய சித்தி" என்று ஷைனி அழுதாள்.

நீதான் ஒன்றும் சொல்லவில்லை. பேசி முடித்து இடப்பக்கம் திரும்பினேன், வெறும் தரை. இன்று சந்தையிலும் உன் குரல் இல்லை. ஐந்து தடவை விலை சொல்லிப் பார்த்தேன். என்மேல் இருந்த கோபம் தீர்ந்து போய்விட்டாயா? நான் பேசியதுதான் உன்னை அனுப்பிவிட்டதா?

அளக்க வராவிட்டால் அவர்கள் ஆபீஸ் தரையிலேயே போய் உட்காருவேன். அடுத்த பிராவசியம் என்று இனி எதையும் தள்ளிப்போட மாட்டேன். எங்கே உட்கார்ந்தாலும் உன் இடத்தை விட்டுத்தான் உட்காருவேன்.

உன் வலப்பக்கத்துக் கூட்டுக்காரி,
ரோசிலி