கை நடுங்காத பத்து நாட்கள்

மார்ச் 3, திங்கள்

தூக்கம் ஏழு மணி நேரம். மனநிலை சாதாரணம்.

தினமும் இந்த ஒரு வரியையாவது எழுதச் சொல்லி டாக்டரம்மா நோட்டைக் கையில் கொடுத்து ஆறு வருடம் ஆகிறது. ஒரு வரியோடு நிறுத்தத்தான் எனக்குத் தெரிவதில்லை.

இன்று பல் லேபில் முதலாளி மேடம் எல்லோரையும் கூப்பிட்டார். முதியவர்களுக்கான இலவச முகாமாம். அறுபது பேருக்கு முழுப் பல் செட், மூன்று வாரத்தில். "முடியுமான்னு கேக்கல. எப்படி முடிக்கிறதுன்னு சொல்லுங்க" என்றார். லேபில் இருப்பதே நான்கு பேர். அதில் மெழுகில் பல் அடுக்குவது நான் ஒருத்திதான். கடைசியில் பாலிஷ் போடுகிறவர் அமைதி அண்ணன். பத்து வருடத்தில் அவர் பேசியதை எல்லாம் எழுதினால் இந்த நோட்டில் இரண்டு பக்கம் வராது, அதனால் அந்தப் பெயர்.

மதியம் ஒரு முன்பல் இரண்டு முறை கையிலிருந்து நழுவி விழுந்தது. மனநிலையைச் சீராக வைக்கிற லித்தியம் மாத்திரை போடுகிறவர்களுக்கு வரும் மெல்லிய நடுக்கம். காபி டம்ளரைப் பிடித்தால் தெரியாது. சூடான கத்தி முனையால் பல்லை மயிரிழை அளவு திருப்பும்போது தெரியும். அமைதி அண்ணன் பார்த்துவிட்டு, பார்க்காதது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லேபில் யாருக்கும் என் நோய் தெரியாது. மாத்திரை டப்பாவைப் பார்த்துக் கேட்டவர்களிடம் சத்துக் குறைவு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

ஆறரை மணி நேரம். இரண்டே செட். இப்படிப் போனால் அறுபது எப்போது முடியும்?

மார்ச் 7, வெள்ளி

மேடம் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. "என்னம்மா, கை இப்படி ஆடுது? உடம்பு சரியில்லையா? வேணும்னா வெளியில ஒரு ஆளைப் போட்டுக்கலாமா?" என்றார். அக்கறையாகத்தான் கேட்டார். பதினாறு வருடமாகப் பல் அடுக்குகிறேன். என் இடத்தில் வேறொருத்தியா?

இரவு மாத்திரையில் ஒன்றைக் குறைத்தால் என்ன? நிறுத்தவில்லையே, குறைக்கத்தானே போகிறேன். முகாம் முடிகிற வரைக்கும்தானே. ஆறு வருடமாக ஒன்றும் வரவில்லையே.

டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார். அதனால்தான் கேட்கவில்லை. இதை எழுதும்போதே தெரிகிறது, சரியில்லை என்று. ஆனாலும் —

மார்ச் 11, செவ்வாய்

ஆறு மணி நேரம். கை நிற்கிறது! நான்கு செட். அமைதி அண்ணன் ஒன்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவரிடம் வாங்கிய தலையாட்டல் சும்மா இல்லை.

மார்ச் 12, புதன்

ஐந்து மணி நேரம். அலாரத்துக்கு முன்னாலேயே முழிப்பு. ஆறு செட். வருகிற வழியில் பள்ளித் தோழி ஒருத்திக்கு போன் போட்டு ஒரு மணி நேரம் பேசினேன். இருபது வருடம் கழித்து! சாப்பிடும்போது மகள் கேட்டாள்: "அம்மா, கொஞ்சம் மெதுவாப் பேசுறியா?" மெதுவாகத்தானே பேசினேன்?

மார்ச் 14, வெள்ளி

மூன்று மணி நேரம், போதும், அதற்கு மேல் தூங்கி என்ன ஆகப் போகிறது! எத்தனை வருடத்தைத் தூங்கியே தொலைத்திருக்கிறேன்! இன்று ஒன்று புரிந்தது, இவ்வளவு நாள் புரியாமல் போனதுதான் ஆச்சரியம் — நாங்கள் அடுக்குகிற பல் எல்லாம் ஒரே மாதிரி, வரிசையாக, சோம்பேறித்தனமாக! ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு சிரிப்பு இருக்கிறது, அது அந்த பிளாஸ்டர் அச்சிலேயே தெரிகிறது, தொட்டால் விரலுக்குத் தெரிகிறது, இவர் கோபக்காரர், இவர் பாடுகிறவர், இந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டே சிரித்துப் பழகியவர். முகாமில் வாயில் வைத்துப் பார்த்து, சரி என்று திருப்பி அனுப்பிய மெழுகுப் பல்லில் பதினொன்றை எடுத்துக் கலைத்தேன், எல்லாவற்றையும் புதிதாக அடுக்கினேன், பெரிய பல், பளிச்சென்ற பல், பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது! மேடத்திடம் சொல்லவில்லை, முடிந்த பிறகு காட்டினால் அசந்து போவார். தனியாக லேப் போடலாம், ஊருக்கு ஒரு லேப் போடலாம், மகளை இதில் சேர்த்துவிடலாம், என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது, லிஃப்டைக் கட்டிக்கொண்டு அழுகிறார் — எழுத எழுதக் கை வேகமாகப் போகிறது, நடுக்கமே இல்லை, என்ன கை இது, தங்கமான கை!

மார்ச் 15, சனி

இவரோடு சண்டை.

இவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் சுற்றி வளைத்துத்தான் ஆரம்பிப்பார். இன்று நேராகவே கேட்டார். "மாத்திரை ஒழுங்காப் போடுறியா?"

"நான் கொஞ்சம் சிரிச்சா போதும், உடனே மாத்திரை! உங்களுக்கு நான் மூலையில உக்காந்து சுருண்டு கெடக்கணும், அதானே?"

"சுருண்டு கெடக்கச் சொல்லல. நீ சந்தோஷமா இருந்தா எங்கிட்ட வந்து உக்காருவ. இந்த ஒரு வாரமா அஞ்சு நிமிஷம் உக்காந்தியா?"

அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று எழுத விருப்பமில்லை. மகள் கதவோரம் நின்றிருந்தாள். "அம்மா, மறுபடியும் ஸ்கூலுக்கு வந்துடாதம்மா" என்றாள்.

எவ்வளவு திமிர்! பெற்றவளைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது?

மார்ச் 17, திங்கள்

2 மணி நேரம். எல்லோரும் ரொம்ப மெதுவாக நடக்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது

மார்ச் 23, ஞாயிறு

ஐந்து நாள் எழுதவில்லை. இப்போதுதான் பேனாவைப் பிடிக்க முடிகிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் முகாமிலிருந்து பதினொரு செட்டும் திரும்பி வந்தன. கூடவே ஒரு பெரியவரும் வந்தார், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பல்லைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். மேடம் முன்னால் அதை வாயில் மாட்டிக் காட்டினார். உதடு மூடவில்லை. "பல்லு அழகாத்தாம்மா இருக்கு. ஆனா எனக்கு 'ச' வர மாட்டேங்குது. கண்ணாடியில பாத்தா வேற யாரோ என் வாயில உக்காந்து சிரிக்கிறான்" என்றார். ஒவ்வொரு 'ச'வும் காற்றாகப் போனது.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். நான் அவருக்கு ரசனை இல்லை என்றேன். வாழ்நாள் முழுக்க டிக்கெட் கிழித்தவருக்குச் சிரிப்பைப் பற்றி என்ன தெரியும் என்றேன். மேடம் தடுக்க வந்தார், அவரையும் விடவில்லை. எவ்வளவு நேரம் பேசினேனோ. நடுவில் பாலிஷ் மெஷின் நின்றது. அமைதி அண்ணன் எழுந்து வந்து என் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அவரே அதில் உட்கார்ந்தார்.

"எங்க அக்காவுக்கும் இப்படி வரும்மா" என்றார். "தூங்கி எத்தன நாளாச்சு? வீட்டு நம்பர் சொல்லுங்க. நான் போடுறேன்."

முதலில் அவரையும் திட்டினேன். அவர் அசையவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கத்தக் கத்த எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. நம்பரைச் சொன்னேன். முதல் தடவை தப்பாக, இரண்டாவது தடவை சரியாக.

இவர் வேலைச் சட்டையோடு, கையில் கிரீஸோடு வந்து நின்றார். ஆட்டோவில் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "மேல போற லிஃப்டைக் கண்டு எனக்குப் பயமில்ல. எந்த மாடியிலயும் நிக்காத லிஃப்டைக் கண்டாத்தான் பயம்" என்று மட்டும் சொன்னார்.

டாக்டரம்மாவிடம் மாத்திரையைக் குறைத்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சீட்டில் எழுதுவதை நிறுத்தினார். "கை நடுங்குதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. அதுக்கு வழி இருக்கே. நீங்க வேலைய காப்பாத்துறதா நெனச்சு, அதையே பணயம் வெச்சுட்டீங்க."

ரத்தப் பரிசோதனை. பழைய அளவுக்குத் திரும்ப, கூடவே கொஞ்ச நாளைக்கு இன்னொரு மாத்திரை. வீட்டில் ஓய்வு. ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமா என்று இவரோடு தனியாகப் பேசினார். முழுதாய் இரண்டு ஆள் வீட்டில் கூட இருந்தால் வேண்டாம் என்று முடிவானது. இவர் லீவு போட்டார். மகளும் போட்டாள், பரீட்சையை வைத்துக்கொண்டு.

மார்ச் 27, வியாழன்

ஒன்பது மணி நேரம். வாய் வறட்சி. தலைக்குள் பஞ்சு.

மார்ச் 31, திங்கள்

எட்டரை மணி நேரம். இப்போது வெட்கம் வந்திருக்கிறது. அது வந்தால் தேறி வருகிறேன் என்று அர்த்தம் என்கிறார் டாக்டரம்மா. நல்ல அடையாளம்தான் கண்டுபிடித்தார்கள்.

'ஸ்கூலுக்கு வந்துடாதம்மா.' அதை இன்றைக்கு எழுதியே ஆக வேண்டும். மகள் நான்காம் வகுப்பில் இருந்தபோது, நோய்க்கு இன்னும் பெயர் வைக்காத காலம். காலைக் கூட்டத்தில் நுழைந்து, தலைமை ஆசிரியை கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, இருபது நிமிடம் பேசினேன். பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். என்னை ரசித்துச் சிரிப்பதாக நினைத்து இன்னும் பேசினேன். மூன்றாவது வரிசையில் இவள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருமுனை மனநிலைக் கோளாறு என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பெயர் தெரிந்ததால் அவள் நின்ற இடம் மாறிவிடுமா?

இன்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லம்மா" என்றாள். ரொம்ப வேகமாகச் சொன்னாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

லேபுக்குப் போனேன். இவர் வாசல் வரை வந்து, எதிர்க் கடையில் டீ குடிக்கிற சாக்கில் நின்றுகொண்டார்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோயின் பெயர், மாத்திரை, நடுக்கம், ஏன் குறைத்தேன் என்பது. அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கடைசி வரை கேட்டுக்கொண்டார்.

"கோபமாத்தான் இருக்கேன்" என்றார். "நோய்க்கு இல்ல. சரின்னு வந்த செட்டக் கலைச்சீங்க பாருங்க, அதுக்கு. எனக்கும் பங்கு இருக்கு, மூணு வாரத்துல அறுபதுன்னு ஒத்துக்கிட்டது நான்தான். ஆனா நீங்க அடுக்கினத இனிமே ஒருத்தர் பாத்துட்டுத்தான் வெளிய போகும். சம்மதமா?"

பதினாறு வருடத்துக்குப் பிறகு என் வேலையை இன்னொருவர் சரிபார்ப்பதா என்று ஒரு நொடி சுருக்கென்றது. சம்மதம் என்றேன்.

பதினொரு செட்டில் பத்தை, ஒரு காலத்தில் பல் அடுக்கிப் பழகிய அமைதி அண்ணனே உட்கார்ந்து மறுபடி அடுக்கி முடித்திருந்தார். ஒன்றை மட்டும் அச்சோடு தனியாக எடுத்து வைத்திருந்தார். கண்டக்டருடையது. "இத நீங்களே பண்ணிடுங்க" என்றார்.

ஏப்ரல் 9, புதன்

ஏழரை மணி நேரம். கை நடுங்கத்தான் செய்கிறது. முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு, ஒரு பல்லுக்கு ஒரு மூச்சு என்று வைத்துக்கொண்டு, அந்த ஒரு செட்டை மூன்று நாளில் அடுக்கினேன். அமைதி அண்ணன் பார்த்தார். ஒரு கடைவாய்ப் பல்லைக் காட்டினார். அவர் காட்டியது சரி. மாற்றினேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பெரியவர் வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். மாடிப்படி ஏறும்போது மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டே போனேன், கதவு திறந்ததும் மறந்துவிட்டது. "அன்னைக்கு எனக்கு உடம்பு சரியில்லங்க. ஆனாலும் அப்படிப் பேசினது தப்பு" என்றேன்.

"முப்பத்தி ரெண்டு வருஷம் பஸ்ஸுல வாங்காத திட்டா? குடும்மா இப்படி" என்று பல்லை வாங்கி மாட்டினார். கண்ணாடி முன் நின்று தொண்டையைக் கனைத்தார்.

"சீக்கிரம் சீக்கிரம்! சில்லறை சரியா வெச்சுக்கோ! சன்னல்ல கை நீட்டாத!"

எல்லாச் 'ச'வும் இருந்தது. உள்ளேயிருந்து அவர் மனைவி, "ஐயோ, மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?" என்றார்.

படியில் இறங்கும்போது அழுதேன். இது சாதாரண அழுகைதானா என்று நின்று யோசித்தேன். சாதாரண அழுகைதான்.

ஏப்ரல் 24, வியாழன்

ஏழு மணி நேரம். டாக்டரம்மா மாத்திரை வேளையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். காபி ஒரு வேளைதான். நடுக்கம் பாதியாகியிருக்கிறது. முழுதாகப் போகாது என்றும் சொல்லிவிட்டார். போகாவிட்டால் போகிறது.

இன்று மேடம் அவசர வேலை ஒன்றைக் கொண்டு வந்தார். ஆறு மணிக்கு மேல் உட்கார முடியாது என்றேன். "சரி, நாளைக்குப் பாக்கலாம்" என்றார். இவ்வளவுதானா? இதைச் சொல்லப் பயந்தா அவ்வளவும்?

வீட்டில் ஒன்று உறுத்துகிறது. மார்ச்சிலிருந்து மகள் நான் எது சொன்னாலும் "சரிம்மா" என்கிறாள். டிவியை அணை, சரிம்மா. அந்தச் சட்டை வேண்டாம், சரிம்மா. பதினைந்து வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா? என்னைக் கண்ணாடிச் சாமான் போல நடத்துகிறாள்.

மே 10, சனி

ஏழு மணி நேரம். மனநிலை — எழுதுகிறேன்.

மகள் தோழி வீட்டில் இரண்டு நாள் தங்கப் போகிறேன் என்றாள். பெரியவர்கள் யாரும் அங்கே இல்லை என்று விசாரித்ததில் தெரிந்தது. வேண்டாம் என்றேன். "சரிம்மா"வுக்காகக் காத்திருந்தேன்.

"உனக்கு ஒண்ணுமே புரியாதும்மா! எதுக்கெடுத்தாலும் வேணாம், வேணாம்! உலகத்துல எல்லா அம்மாவும் விடுறாங்க, நீ மட்டும்தான் இப்படி!"

கதவைப் படாரென்று சாத்தினாள். சுவரில் காலண்டர் ஆடியது.

இவர் முகத்தில் பாதி சோப்போடு குளியலறையிலிருந்து ஓடி வந்தார். "என்னாச்சு?"

"சண்டை போட்டுட்டுப் போறா."

"யாரோட?"

"என்னோடதான்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு மீதி ஷேவ் பண்ணப் போனார். போகும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தது கேட்டது.

நான் மூடிய கதவுக்கு முன்னால் நின்று, "கதவு ஒடஞ்சா உங்கப்பாதான் சரி பண்ணணும், ஞாபகம் வெச்சுக்கோ!" என்று கத்தினேன்.

"பண்ணட்டும்!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.