கூரை போன துரைசாணி

என் அன்பு மச்சான் மாணிக்கத்துக்கு,

நீ இருக்கும் இடத்தில் மழை உண்டா, தெரியவில்லை. இங்கே மூவார் ஆற்றங்கரையில் விடாமல் பெய்கிறது. வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்குறைப்பு வந்தபோது, உன் தங்கையையும் பிள்ளைகளையும் ஊருக்குக் கப்பலேற்றிவிட்டேன். அவள் என்னையும் கூப்பிட்டாள். "படகை யாருகிட்ட விட்டுட்டு வர்றது?" என்றேன். "அது துரையோட படகு. உங்களுதா?" என்றாள். இப்போது இரண்டு வாய் சோறு பொங்கி, அதிலும் பாதியைத் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன்.

நம் துரைசாணியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். உனக்கில்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

சீமைச் சண்டை முடிந்த பிறகு, மனைவி வருவாள் என்று சீனத் தச்சர்களை வைத்து நம் தோட்டத்துத் துரை தேக்கில் கட்டிய மோட்டார் படகு அது. முகப்பில் அவள் பெயரையே எழுதிவைத்தார். அந்த அம்மாள் சீமையிலிருந்து வரவேயில்லை. பெயர் நம் வாயில் நுழையாததால் நீதான் 'துரைசாணி' என்று வைத்தாய். நீ இஞ்சினில், நான் சுக்கானில். படகின் அறையில் யாரும் படுக்காத கட்டில்களுக்கு வாராவாரம் விரிப்பு மாற்றினோமே, நினைவிருக்கிறதா?

பெரிய வெள்ளத்தின்போது துரை ஊரில் இல்லை. மேலாற்றில் மலாய்க்காரக் கிராமங்கள், அந்தக் கம்பங்கள் எல்லாம், மூழ்கிவிட்டன என்று கேட்டதுமே நீ இஞ்சினைக் கிளப்பிவிட்டாய்.

"துரை கேட்டா என்ன சொல்றது மச்சான்?"

"துரைசாணி போகணும்னு சொன்னாங்கன்னு சொல்லு" என்றாய்.

அன்று கூரைகளிலிருந்து இறக்கிய சனங்களைத்தான் அந்தக் கட்டில்களில் முதன்முதலாகப் படுக்கவைத்தோம். இஞ்சின் அறைக்குள் தண்ணீர் ஏறியது. முழங்காலளவு நீரில் நின்று, வாளியால் இறைத்துக்கொண்டே நீ அதை நிற்காமல் ஓட்டினாய். வெள்ளம் வடிவதற்குள் உனக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாய். திரும்பி வரவில்லை.

உன் தங்கை ஊருக்குப் போன பிறகு துரையும் சீமைக்கே போய்விட்டார். படகை ஒரு சீன முதலாளி, அன்னாசித் தவுக்கே, பழம் ஏற்றுவதற்காக வாங்கினார். கட்டில் அறை இடத்தை அடைக்கிறதென்று ஆட்கள் கூரையோடு ரம்பத்தால் அறுத்தெடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று இருந்தது. எங்கே போவது?

தவுக்கே என்னைப் பார்த்தார். "சுக்கான் நீயே பிடிக்கிறியா? ஆறு உனக்குத் தெரியும்லா." சரி என்றேன்.

போன வாரம் மேலாற்றுக்குப் போனோம். ஒரு கம்பத்துத் துறையில் பழம் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு மலாய்க்காரப் பெண் வந்து நின்றாள். படகில் அறையில்லை, பெயரில்லை, பச்சைச் சாயம் வேறு பூசியிருக்கிறது. அவள் பலகையில் கை வைத்து, மலாயில் அண்ணன் என்று கூப்பிட்டுக் கேட்டாள். "அபாங், வெள்ளத்துல எங்கள ஏத்திட்டுப் போனது இதுதானே?"

"எப்படித் தெரியும்?"

"சத்தம். கூரை மேல உட்கார்ந்து இந்தச் சத்தம் கிட்ட வர்றதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்." பிறகு உள்ளே எட்டிப் பார்த்தாள். "இஞ்சின்கிட்ட ஒருத்தர் இருந்தாரே. சட்டையைக் கழற்றி என் பிள்ளைக்குச் சுத்திக் கொடுத்தாரே. அவர் வரலையா?"

மச்சான், சுக்கானில் நின்ற என் கண்ணில் அது படவில்லை; அந்தச் சட்டையைப் பற்றி நீயும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே? நீ வெற்றுடம்போடு வீடு வந்ததைப் பார்த்து, ஆற்றில் போயிருக்கும் என்றுதானே நானும் உன் தங்கையும் நினைத்தோம்?

நடந்ததைச் சொன்னேன். அவள் துறைப்பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உன் தங்கை கப்பலேறிய பிறகு உனக்காக ஒருவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அவளோடு சேர்ந்து எனக்கும் அழ முடிந்தது.

"அவர் பேரு என்ன?" என்றாள். சொன்னேன். கரையில் நின்ற மகளை, அன்று அந்தச் சட்டைக்குள் இருந்த பிள்ளையை, கூப்பிட்டு அந்தப் பேரைச் சொல்லச் சொன்னாள். "மானிகாம்," என்றது அந்தப் பிள்ளை. புது இஞ்சின்காரன் நேரமாகிறது என்றான். "கொஞ்சம் இருப்பா" என்றேன்.

ரப்பர் விலை ஏறும் என்கிறார்கள். உன் தங்கையைத் திரும்பி வரச்சொல்லி எழுதப்போகிறேன். வந்ததும் அவளை அந்தத் துறைக்குக் கூட்டிப்போவேன். அண்ணன் சட்டை என்ன ஆயிற்றென்று அந்தத் தாயே அவளுக்குச் சொல்லட்டும். அதுவரை இந்தச் சுக்கானை விடமாட்டேன், மச்சான். இது சத்தியம்.

உன் தங்கையைக் கைப்பிடித்தவன்,
சுப்பையா