பாப்பா கட்டிலுக்குப் பதினெட்டாவது விரிப்பு

மகளே,

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் மூக்குக்கண்ணாடிமேல் ஆணை.

முந்தாநாள் என்ன கேட்டாய்? "அளவு பார்க்காம இவ்ளோ பெரிய விரிப்பு வாங்கிட்டு வந்திருக்கீங்களேப்பா! துணி சுருண்டு பாப்பா மூஞ்சியில விழுந்தா? திங்கக்கிழமை உங்களை நம்பி எப்படி வேலைக்குப் போறது?" நியாயமான கேள்வி. பதில் பாப்பா கட்டிலில் இருக்கிறது, போய்ப் பார்.

நேற்று மெத்தையை நூலால் அளந்து, முடிச்சுப் போட்டு, கடைக்குக் கொண்டுபோனேன். பதினெட்டு விரிப்புகளைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன். மூன்றாவதில் பாதி தாடி போய்விட்டது. ஒன்பதாவது அத்தனை மெத்தென்று இருந்தது, நின்றபடியே தூங்கிவிட்டேன். "பெரியவரே, எழுந்திரிங்க, சாப்பாட்டுக்குக் கடை சாத்தணும்" என்று கடைக்காரர் உலுக்கினார். பதினேழாவதின் எலாஸ்டிக் அவரையே சுண்டி அலமாரிமேல் உட்கார வைத்தது. பதினெட்டாவதைத்தான் எடுத்தேன்.

துவைத்துக் காயவைத்து, நான்கு மூலையும் மெத்தைக்கு அடியில் போகும்படி மாட்டியிருக்கிறேன். நீயே இழுத்துப் பார். கட்டில் வரும், விரிப்பு வராது.

சூப் அடுப்பின்மேல் இருக்கிறது. சூடாக்கிக் குடி, அப்படியே மறந்துவிடாதே. சாவி செருப்பு அலமாரிமேல். பல் டாக்டரிடம் போகிறேன், நாலு மணிக்குள் வந்துவிடுவேன்.

திங்கட்கிழமை தைரியமாக வேலைக்குப் போ. பாப்பாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம்.

அப்பா

பி.கு. இடமில்லாததால் ஓரத்தில் எழுதுகிறேன்: நூலைக் காட்டியதும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அந்த அளவில் கடையில் இருந்ததே ஒரு விரிப்புதான்.