சட்டைப் பையை மறைத்த கை

“உங்க வீட்டுக்காரர் என்ன வேலைம்மா பாக்குறாரு?”

“வண்டி ஓட்டுறாருங்க.”

“என்ன வண்டி?”

“லோடு வண்டி.”

என்னங்க, நேற்றுக் குடியிருப்புக் கூட்டத்தில் தலைவர் கேட்டதற்கு அதோடு நிறுத்திக்கொண்டேன். நம் குடியிருப்பில் பாட்டில் தண்ணீருக்குத் தடை கேட்டு அவ்வளவு நேரம் முழங்கியவள், அந்தப் பாட்டில்களை இறக்குவதே என் கணவர்தான் என்று எப்படிச் சொல்வது? திரும்பிப் பார்த்தால், பின்வரிசையில் நீங்கள் சட்டைப் பை மேல் தைத்திருந்த தண்ணீர்க் கம்பெனிப் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். எனக்காக.

காலையில், “லோடு வண்டிக்காரன் போய்ட்டு வரேன்மா” என்று சிரித்துவிட்டுப் போனீர்கள். திட்டியிருந்தால் தேவலை.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். பொதுக்குழாய்க்கு ஃபில்டர் மாட்டுகிறவர் மோட்டார் அறைச் சாவி கேட்டு வருவார். மீட்டர் பெட்டி மேல் வைத்திருக்கிறேன்.

தடை வேண்டும் என்பதில் மாற்றமில்லை. பின்சுவரோரம் குவிந்த காலி பாட்டில்களைப் பார்த்து நீங்களே தலையில் அடித்துக்கொள்வீர்கள். ஆனால் நம் வீட்டுச் சோறும் அதில்தான் வருகிறது. இன்றைய கூட்டத்தில் ஓட்டெடுப்புக்கு முன்னால் இரண்டையும் சொல்லப்போகிறேன்.

பால் பாத்திரத்தை மூடிவிடுங்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு கூட்டத்துக்கும் கிளம்பும்போது கேட்க வாயெடுத்து விழுங்கியது: சட்டை மாற்றாமல் அப்படியே வாங்க. முன்வரிசையில் என் பக்கத்தில் உட்காருங்க.