அளப்பு என்று சிரிக்காதே

செனாய்த் தோட்டம், ஜொகூர்
1926, ஐப்பசி 9

அன்புள்ள பேச்சியம்மாளுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? எனக்கு வந்த காய்ச்சல் நாலு நாள் ஆஸ்பத்திரிக் கஞ்சியோடு போய்விட்டது. கவலைப்படாதே.

உன் தம்பி மாயாண்டி இங்கே வரக் கங்காணியிடம் பெயர் கொடுத்துவிட்டதாக வாத்தியாரைக் கொண்டு எழுதியிருந்தாய். அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊரில் நான் வாயைத் திறந்தாலே "அளக்காதீங்க" என்பாயே! மாடி வீடு, மதியத்தோடு வேலை முடிந்துவிடும் என்று எழுதினேனே, அதை மட்டும் ஏன் நம்பினாய்?

கூலிகள் குடியிருக்கும் இந்த லயத்தில் எல்லோரும் ஊருக்கு அப்படித்தான் எழுதுகிறோம். மாயாண்டி வருவதை அடுத்த அறை வெள்ளையம்மாவிடம் சொன்னேன்.

"அளந்தது நீங்க, பால்மரம் வெட்டப் போறது அவனா?" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன். ஓர் அறையில் எட்டுப் பேர் படுக்கிறோம். தினமும் ஆளுக்கு முந்நூறு ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்க வேண்டும். அட்டை கடித்த புண் ஆறுவதே இல்லை. அவனைக் கப்பல் ஏற விடாதே.

வாய் கசக்கிறது, கொஞ்சம் சுண்டைக்காய் வற்றல் அனுப்பு. உன் கையால் போட்டதாக இருக்கட்டும்.

வேலைக்குப் பெயர் கூப்பிடுகிறார்கள். வாத்தியார் இதை வாசிக்கும்போது, "வழக்கம்போல அளக்கிறான்" என்று தெருவே சிரிக்கும். நீ மட்டும் சிரிக்காதே.

அவசரத்தில்,
வீரபத்திரன்