வேலிக்குக் கீழே ஓடிய தண்ணீர்

என் அன்பு வாப்பாவுக்கு, உங்கள் சின்ன மகள் சலாமோடு எழுதுவது.

நம் பின்வளவில் ஒரு நாய்க்குட்டி கிடக்கிறது. கோபப்படாதீர்கள். பக்கத்து வீட்டுச் செல்வராணி அக்காவின் நாய் போட்ட ஐந்தில் ஒன்று, வேலிக்குள்ளால் நுழைந்து வந்தது. மறுநாளே வாந்தி, பிறகு இரத்தமாகப் போனது. "மலக்குமார் வாற வாசல்ல நாயா?" என்று, வானவர்கள் வராமல் போய்விடுவார்களே என்ற பயத்தில் உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் கஞ்சி வடித்து வைத்தது அவர்தான்.

மூன்று நாளாக, ஊசியைக் கழற்றிய சிரிஞ்சால் உப்புச்சீனித் தண்ணீர் பருக்குகிறேன். ஒவ்வொரு தடவையும் மார்க்க முறைப்படி ஏழு தண்ணீரில் கை கழுவினேன், ஒன்றில் மண் கரைத்து. நாய் பட்ட அசுத்தம், அந்த நஜீஸ் போனால் நோயும் போய்விடும் என்று நினைத்த மடைச்சி நான்.

நேற்று மிருக வைத்தியர் வந்து பார்த்தார். "இது பார்வோ வைரஸ், தங்கச்சி. மண்ணுக்குள்ள மாசக்கணக்கில கிடக்கும். குளோரின் போட்டாத்தான் சாகும்" என்றார். மற்றக் குட்டிகளுக்குத் தொற்ற வழி இருக்கிறதா என்றும் கேட்டார். நான் கழுவிய தண்ணீரெல்லாம் வேலிக்குக் கீழால் ஓடி, அந்த நான்கும் விளையாடும் இடத்தில்தான் தேங்கியிருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன், வாப்பா?

கொரோனா வருஷமும் இப்படித்தான். உங்களுக்கு முதல் இருமியது நான். சொன்னால் பிடித்துக்கொண்டு போவார்கள், மௌத்தானால் அடக்க விடாமல் எரிப்பார்கள் என்று ஊரே நடுங்கிக் கிடந்த காலம். இருமலை முந்தானைக்குள் அடக்கிக்கொண்டு உங்களுக்குத் தேத்தண்ணீர் ஆற்றித் தந்தேன். ஆறாம் நாள் உங்களை ஏற்றிப்போனார்கள். கபன் துணி சுற்றி அனுப்பக்கூட உங்கள் உடலை எங்களிடம் தரவில்லை. இன்றைக்கும் யாராவது இருமினால் உங்கள் அறைக் கதவைத்தான் திரும்பிப் பார்க்கிறேன். நீங்கள் போனது என்னாலா? உங்களைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன்?

இன்று காலை குட்டி தானாகவே ஒரு மிடறு கஞ்சி குடித்தது. சந்தோஷத்தில் உம்மாவைக் கூப்பிட வாயெடுத்த நேரம், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டி வாந்திக்கு ஓங்காளிக்கும் சத்தம் கேட்டது.

இதை எழுதி முடித்ததும் செல்வராணி அக்காவிடம் போகிறேன். உள்ளதைச் சொல்வேன், ஏசினால் ஏசட்டும். திரும்பி வந்து உம்மாவையும் இருத்தி வைத்து, அந்த இருமலைப் பற்றிச் சொல்வேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்காமலே விட்டாலும் சொல்வேன், வாப்பா. இது வாக்கு.

மாப்புக் கேட்டு நிற்கும்,
உங்கள் சின்ன மகள்